அண்ணாச்சி கடையில் இல்லாத பாட்டில்

தாம்பரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மளிகைக் கடைக்குப் போய்வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. அண்ணாச்சி கடைக்குப் போய்வருகிறேன் என்பதுதான் பேச்சு. பெயர்ப்பலகையில் எந்தச் சாமியின் பெயர் இருந்தாலும் சரி. சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் என்று ஏரிப்பாசன வயல்கள் மனைகளாகி, மனைகளில் வீடுகள் எழும்பியபோது தெருவுக்கு முதலில் ஒரு டீக்கடை வந்தது. கையோடு அண்ணாச்சி கடையும் வந்தது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். சிறு வயதில் உறவினர் கடைக்குப் பொட்டலம் மடிக்க வந்து, பல வருடம் கழித்துத் தனிக்கடை போட்டவர்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டுமென்று ஷட்டரை இழுத்துவிட்டு, 'மூன்று நாள் விடுமுறை' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டுப் போகிறவர்கள். 2017 கோடையில் எங்கள் பகுதியில் நடந்ததை இந்த ஊர்த்தொடர்பை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

அந்த ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டத்தில் தென்புறநகர்ப் பிள்ளைகள் ஏராளம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, பறக்கும் ரயிலுக்கு மாறிப் போனார்கள். காளைக்காகத் தொடங்கிய பேச்சு அங்கே விவசாயம், ஆறு, பன்னாட்டுக் கம்பெனி என்று விரிந்தது. பெப்சியும் கோக்கும் இனிக் குடிக்க மாட்டோம் என்ற குரலும் அந்த மணலில்தான் உரக்க எழுந்தது. கூட்டம் கலைந்ததும் காற்றில் போயிருக்க வேண்டிய குரல் அது. வணிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். விக்கிரமராஜா தலைமையிலான தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பும், 2024இல் மறைந்த த. வெள்ளையன் தலைமையிலான வணிகர் சங்கங்களின் பேரவையும், மார்ச் 1 முதல் இந்த இரண்டு கம்பெனிகளின் பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. வெள்ளையன் அந்நியக் குளிர்பானங்களுக்கு எதிராகப் பல வருடங்களாகப் பேசிவந்தவர். கேட்க ஆள் சேர்ந்தது அந்த வருடம்தான்.

காரணமாகச் சொன்னது தாமிரபரணியை. திருநெல்வேலிக்கு அருகில் கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்திலிருந்த குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு என்பது அப்போது பரவலாகப் பேசப்பட்ட கணக்கு. லிட்டருக்கு நாலு காசுகூட ஆகவில்லை. பருவமழை பொய்த்து, ஆற்றின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே வாழையும் நெல்லும் காய்ந்துகொண்டிருந்த நேரம். 2016 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க இடைக்காலத் தடை போட்டிருந்தது.

சேலையூரில் ஒரு கடையை அந்த மார்ச்சில் அடிக்கடி கவனித்தேன். இந்தக் கடைகளின் வாசலில் நிற்கும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் பெரும்பாலும் கம்பெனி கொடுத்தது. நெற்றிப் பட்டையில் கம்பெனியின் நிறம், கம்பெனியின் எழுத்து. கரண்ட் பில் மட்டும் கடைக்காரருடையது. உள்ளே கம்பெனியின் சரக்குதான் அடுக்க வேண்டும், அதுவும் கண் உயரத் தட்டில் இன்னது, கீழ்த் தட்டில் இன்னது என்று விற்பனைப் பிரதிநிதி சொல்கிறபடி. அந்தக் கடைக்காரர் நெற்றிப் பட்டையின் மேல் தினத்தந்தித் தாளை ஒட்டியிருந்தார். கண் உயரத் தட்டில் பொவண்டோ. அதற்குக் கீழே பன்னீர் சோடா, பால் பாக்கெட், இட்லி மாவு. கம்பெனியின் ஃபிரிட்ஜுக்குள் அவர் தன் கடையை வைத்திருந்தார். ஒரு பையன் வந்து பெப்சி கேட்டான்.

"இல்ல தம்பி. சங்கத்துல விக்கக்கூடாதுன்னு முடிவு. பொவண்டோ தரட்டுமா?"

பின்னால் நின்ற பெரியவர் ஒருவருக்குக் கோபம். "என்ன அண்ணாச்சி, வெயில் காலத்துல கோக் இல்லாம ஒரு கடையா?"

"சார், அது எங்க ஊர் ஆத்துத் தண்ணி சார். நான் குளிச்ச ஆறு. வத்திப் போச்சுன்னு ஊர்ல சொல்றாங்க. அதை இங்க நின்னு நானே எப்படி விப்பேன்?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. தண்ணீர்ப் பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

பணத்தை எங்கே செலவழிக்கிறோம், எங்கே செலவழிக்க மறுக்கிறோம் என்பதை அரசியலாகப் பேசும்போது நாம் எப்போதும் வாங்குகிறவரை மையத்தில் வைத்துப் பேசுகிறோம். அவருடைய மனசாட்சி, அவருடைய கட்டுப்பாடு, அவர் கையிலுள்ள பை. சேலையூர்க் கடையில் நான் பார்த்தது வேறு. அங்கே மறுத்தவர் விற்கிறவர். வாங்க வந்த பையன் எந்தக் கொள்கையும் எடுக்கத் தேவைப்படவில்லை. பொவண்டோவை வாங்கிக் குடித்துக்கொண்டே போனான். கோடையில் குளிர்பானம்தான் சின்னக் கடைக்குக் கையில் காசு புரளவைக்கும் சரக்கு. அந்த வரும்படியை விட்டவர் கடைக்காரர். அவரைத் தாங்கிப் பிடித்தது சங்கம்: பக்கத்துத் தெருக் கடையிலும் கிடைக்காது என்ற உறுதி இருந்ததால்தான் அவர் தன் வாடிக்கையாளரை இழக்காமல் மறுக்க முடிந்தது. தனியாக மறுத்திருந்தால் பெரியவர் நாலு கடை தள்ளிப் போயிருப்பார், அவ்வளவுதான்.

காளிமார்க்கின் பொவண்டோவுக்கு அந்தக் கோடையில் இருந்த கிராக்கி பலருக்கு நினைவிருக்கும். 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய கம்பெனி அது. 1977இல் இந்தியாவை விட்டுப் போன கோக் 1993இல் திரும்பி வந்து, உள்நாட்டுப் பெரிய பிராண்டுகளை விலைக்கு வாங்கியபோதும் தாக்குப்பிடித்து நின்றது. 2017 கோடையில் கேட்ட இடத்திலெல்லாம் சரக்கு கொடுக்க முடியாத நிலை அதற்கு வந்தது.

மார்ச் 1 அன்று விற்பனை நின்றது. மார்ச் 2 அன்று மதுரைக் கிளை வழக்கைத் தள்ளுபடி செய்து, ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் போவதற்கு இருந்த தடையை நீக்கியது. அடுத்தடுத்த இந்த இரண்டு நாட்களை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஊர் முழுக்கக் கடைகள் ஒரு முடிவை எடுத்த மறுநாளே, முடிவின் காரணமாக இருந்த ஆற்றைப் பற்றிய தீர்ப்பு எதிர்த்திசையில் போகிறது. பாட்டிலை வாங்காதிருப்பது கம்பெனியின் வரவைக் குறைக்கலாம். ஆற்றில் குழாய் போட யார் அனுமதி கொடுக்கிறார், என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்பது வேறு மேஜையில் முடிவாகிறது. அந்த மேஜைக்குக் கடைத்தெருவின் மறுப்பு போய்ச் சேரவில்லை. சூப்பர் மார்க்கெட்டுகளும் திரையரங்குகளும் முதலிலிருந்தே இதில் முழுதாகச் சேரவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பக்கம் மறுப்பும் எதிர்ப்பக்கம் விற்பனையுமாக இருந்தது. மாதங்கள் போகப் போக, ஒவ்வொரு கடையாகப் பழைய பாட்டில்கள் திரும்பின. சேலையூர்க் கடையில் ஒட்டிய தாள் மழையில் நைந்து உரிந்தது.

இதைத் தோல்வி என்று எழுதிவிட என்னால் முடியவில்லை. இதே ஆற்றங்கரைச் சீமையில் நூறு வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றோடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. 1906 அக்டோபர் 16 அன்று வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து லட்ச ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அடுத்த வருடம் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் எந்தக் கப்பலில் ஏறுகிறார் என்பது அன்று அரசியல் நிலைப்பாடு. போட்டியிலிருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் தருகிறேன் என்றது. காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் போன ஒவ்வொருவரும் இலவசத்தை மறுத்தவர். அந்த மறுப்புக்கு எவ்வளவு நாள் வலுவிருக்கும்? வ.உ.சி.யைக் கைது செய்தது 1908 மார்ச் 12 அன்று. கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. பங்குதாரர்கள் போட்ட பணத்துக்கு லாபம் எதிர்பார்த்தவர்கள், தலைவர் சிறையில், எதிராளிக்கு நஷ்டத்தைத் தாங்கும் பணபலமும் பின்னால் அரசாங்கமும் இருந்தன.

ஆனால் 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தூத்துக்குடியில் இன்னொன்றும் நடந்தது. கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஊரே அவர்கள் பக்கம் நின்றது. வணிகர்கள் உதவினார்கள். போராட்டத்துக்கு எதிராகப் பேசியவர்களுக்குச் சவரத் தொழிலாளர்கள் முகம் மழிக்க மறுத்தார்கள். அதாவது அங்கேயும் மறுத்தவர்கள் வாங்குகிறவர்கள் அல்லர். கடையையும் கத்தியையும் கையில் வைத்திருந்தவர்கள். அந்த வேலைநிறுத்தம் கூலி உயர்வைப் பெற்றுத் தந்தது. கப்பல் கம்பெனியைவிடச் சின்னக் காரியம், காரியம் நடந்தது. பயணிகளின் விருப்பத்தை மட்டும் நம்பி நின்றது சாய்ந்தது. தொழிலாளி, கடைக்காரர், நாவிதர் என்று ஊர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றது வென்றது. அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் 1955 டிசம்பரிலிருந்து கறுப்பின மக்கள் பேருந்தை மறுத்து 381 நாட்கள் நடந்தபோதும் இப்படித்தான்: கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஆளேற்றினார்கள், தேவாலயங்கள் பணம் திரட்டின, பக்கத்திலேயே நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. நடந்த கால்களையும் வழக்கையும் பிரித்து எடுத்தால் இரண்டுமே நின்றிருக்காது என்று நினைக்கிறேன்.

கடைக்காரரின் மறுப்பை இவ்வளவு உயர்த்திப் பேசும்போது எனக்குள் ஒரு பயமும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிக் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு வந்திருக்கிறது, இனி உங்களுக்குப் பொருள் தரமாட்டேன் என்று ஒரு பெட்டிக்கடைக்காரர் சொன்ன காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. அவர் கைதானார். அதுவும் கடைக்காரர் ஒருவரின் மறுப்பு. அதுவும் தனியாக எடுத்ததல்ல, கூடி எடுத்த முடிவு. 2020இல் கொரோனாவைச் சாக்காக வைத்து முஸ்லிம் வியாபாரிகளிடம் காய்கறி வாங்காதே என்று வட மாநிலங்களில் பரப்பியதும், 2022இல் கர்நாடகக் கோயில் திருவிழாக்களில் முஸ்லிம்கள் கடை போடக்கூடாது என்று தடுத்ததும் செலவை ஆயுதமாக்கியவைதாம். நம் கிராமங்களில் ஒரு குடும்பத்தையோ ஒரு தெருவையோ தள்ளிவைக்கும் பழக்கம் எந்தச் சுதேசி இயக்கத்தைவிடவும் பழையது. கூட்டு மறுப்பு என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது.

எனக்கு ஒரு உரைகல் இருக்கிறது. மறுக்கப்படுகிறவர் அதைத் தாங்கக்கூடியவரா? அவருக்குப் பேச வேறு இடம் இருக்கிறதா? பன்னாட்டுக் கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார், விளம்பரம் இருக்கிறது, அடுத்த மாநிலம் இருக்கிறது. பாஞ்சாகுளத்துப் பிள்ளைக்கு அந்த ஒரு கடைதான். மேலே இருக்கிறவரை நோக்கிப் போகும் மறுப்பையும், கீழே இருக்கிறவர் மேல் விழும் மறுப்பையும் ஒரே பெயரில் அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மீண்டும் தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் பகுதியில் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கிறது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போனால், பாலாற்றைக் கடந்ததும் மாமண்டூர். 2017இல் பெப்சியின் ஆலை அங்கே இருந்தது. தாமிரபரணிக்காகப் பாட்டிலை மறுத்த நாங்கள், எங்களுக்குப் பக்கத்திலேயே மணல் அள்ளப்பட்டு வறண்டு கிடந்த ஆற்றின் ஓரத்தில் அதே பாட்டில் நிரம்புவதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. கேரளத்தில் பிளாச்சிமடையில் கோக் ஆலையை 2004 மார்ச்சில் நிறுத்தவைத்தவர்கள் அந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள். மயிலம்மாவும் மற்ற ஆதிவாசிப் பெண்களும் 2002 ஏப்ரலிலிருந்து ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஆலை எந்த ஊர்த் தண்ணீரை எடுத்ததோ அந்த ஊரும் அதன் ஊராட்சியும் சேர்ந்து மறுத்ததால் அது நடந்தது. எங்கள் கடைத்தெருவின் மறுப்புக்கு அப்படி ஒரு ஊராட்சி துணை கிடைக்கவில்லை.

அதைவிடக் கடினமான விஷயம் இன்னொன்று. பெப்சியை மறுக்கலாம், உயிர் போகாது. கேன் தண்ணீரை மறுக்க முடியுமா? பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழில் வந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஊருக்கே குரோம் லெதர் கம்பெனியின் பெயர்தான். நாகல்கேணியைச் சுற்றி நிலத்தடி நீர் கெட்டது அந்தக் கழிவால். கெடாத இடங்களில் உப்பு. குழாய் இன்னும் வராத தெருக்கள் வேறு. அதனால் வீட்டுக்கு வீடு இருபது லிட்டர் கேன். தம்பி ஒருவர் தோளில் வைத்து மூன்றாவது மாடிக்கு ஏற்றி, வாசலில் இறக்கிவைத்து, காலி கேனை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார். மூடியின் சீலைப் பிய்க்கிறோம். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று அதில் யாரும் தேடுவதில்லை. புழங்க லாரித் தண்ணீர். நெல்லைவிடத் தண்ணீர் விற்றால் லாபம் என்றாகிவிட்ட ஏதோ ஓர் ஊரின் விவசாயக் கிணறு அது. அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் ஆழ்துளைக் கிணறு வற்றியிருக்கும். நாலு காசுக்கு ஆற்றை எடுக்கிறார்கள் என்று கொதித்த நாங்கள், எங்கள் தொட்டியில் இறங்கும் தண்ணீருக்கு அந்தக் கிணற்றடியில் என்ன விலை கொடுக்கப்பட்டது என்று கேட்டதில்லை.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த 2020 பிப்ரவரியில், அனுமதியில்லாமல் நிலத்தடி நீர் எடுக்கும் கேன் தண்ணீர் ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆலைகளுக்குச் சீல் விழ, உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கேன் விலை ஏறியது. சட்டம் சரியான இடத்தில்தான் கைவைத்தது. ஆனால் மாற்று ஏற்பாடு இல்லாததால் எங்கள் தெருக்களில் எல்லோரும் ஆலைகள் சீக்கிரம் திறக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. மறுக்க வழியில்லாத பொருளை ஒருவர் வாங்குவதைச் சம்மதம் என்று கணக்கு வைக்கக்கூடாது. நுகர்வோர் அரசியல் பேசும் நண்பர்கள் பலர் இந்த இடத்தில் ஏழையின் பையைச் சோதனை போடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. எதை எப்படி வாங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்கள், அந்த வசதி இல்லாதவர்களுக்காகச் செய்யக் கூடியது ஏதும் உண்டா என்பதைத்தான் பேச வேண்டும்.

உண்டு என்று நினைக்கிறேன். தென்புறநகரின் அடுக்குமாடிகள் ஒவ்வொன்றும் தண்ணீரைக் கூட்டாகத்தான் வாங்குகின்றன. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் போன் செய்கிறார், லாரி வருகிறது, மாதக் கடைசியில் பராமரிப்புக் கட்டணத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிகிறது. 2017இல் கடைக்காரர்களுக்கு இருந்த அதே பலம் இது: ஒருவர் மறுத்தால் லாரிக்காரர் பக்கத்துக் கட்டடத்துக்குப் போவார், ஒரு சாலையிலுள்ள சங்கங்கள் சேர்ந்து கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். சிட்லபாக்கத்தில் ஏரிக்காக மக்கள் சேர்ந்தார்கள். 2019இல் ஆயிரக்கணக்கானோர் ஏரிக்குள் இறங்கிக் குப்பை அள்ளினார்கள், அரசு அதன் பிறகுதான் அசைந்தது. இங்கே ஆள் சேராது என்று சொல்வதற்கில்லை. 2021 நவம்பரிலிருந்து தாம்பரம் மாநகராட்சி. கேள்வி கேட்க வார்டு உறுப்பினர் இருக்கிறார், மேயர் இருக்கிறார்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழு சித்திரையில் கூடுகிறது. லிஃப்ட் பராமரிப்பு, கார் நிறுத்தும் இடம் என்று நிகழ்ச்சி நிரல் வந்திருக்கிறது. மூன்றை அதில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். லாரி எந்த ஊர்க் கிணற்றில் நிரப்புகிறது என்று எழுத்தில் வாங்க வேண்டும். கிணற்றைச் சுற்றியுள்ளவர்களுக்குத் தண்ணீர் இல்லாமல் போகுமானால் அந்த லாரியை நிறுத்த வேண்டும். எங்கள் சாலைக்குக் குடிநீர்க் குழாய் எப்போது வரும் என்று பக்கத்து ஐந்து சங்கங்களோடு சேர்ந்து மாநகராட்சிக்கு மனு கொடுக்க வேண்டும். மூன்றாவதற்கு உடனே கையெழுத்துப் போட்டார்கள். முதல் இரண்டுக்கும், "தண்ணி நின்னுபோச்சுன்னா என்ன சார் செய்யிறது?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் தேடிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக் கதவாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.